பத்து ரூபாய் நாணயம் ஏன் பாதி வழியில் நிற்கிறது?

சென்னையில் தேநீர்க் கடைக் கல்லாவுக்குள் கேள்வி இல்லாமல் விழும் பத்து ரூபாய் நாணயம், சில மணி நேரப் பயணத்துக்குப் பிறகு இன்னோர் ஊரில் “இங்கே இது ஓடாது, நோட்டாகக் கொடுங்கள்” என்ற பதிலோடு திரும்பி வருகிறது. அரசு ஒன்றுதான், ரிசர்வ் வங்கி ஒன்றுதான், நாணயமும் அதேதான். இந்தக் குழப்பம் தமிழ்நாட்டில் பத்து ஆண்டுகளாகத் தீரவில்லை.

2025 ஜூலையில் இதையொட்டி இன்னொரு செய்தி வந்தது. ஐம்பது ரூபாய் நோட்டைப் பார்வையற்றவர்கள் தடவிப் பார்த்து அறிய முடியவில்லை என்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. அதில், ஐம்பது ரூபாய்க்கு நாணயம் வெளியிடும் திட்டம் எதுவும் இல்லை என்று மத்திய நிதியமைச்சகம் பதில் சொன்னது. அதற்குக் காட்டிய காரணம் கவனிக்க வேண்டியது: 2022-இல் ரிசர்வ் வங்கி நடத்திய ஆய்வில், பத்து, இருபது ரூபாய்க்கே மக்கள் நாணயத்தைவிட நோட்டைத்தான் விரும்புகிறார்கள் என்று தெரிந்ததாம்.

நாணயம் நீண்ட நாள் உழைக்கும், நோட்டு கிழிந்துவிடும். ஆகவே சிறிய தொகைக்கு நாணயமே சிக்கனம் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அந்தக் கணக்கு எங்கே தடுமாறுகிறது என்று பார்க்க, அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

நாணயம் அரசுடையது, நோட்டு வங்கியுடையது

நம் கையில் இருக்கும் பணத்துக்கு இரண்டு உரிமையாளர்கள் உண்டு.

1. நோட்டுகளை வெளியிடும் உரிமை 1934-ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டப்படி ரிசர்வ் வங்கிக்கு மட்டுமே உரியது. ஒவ்வொரு நோட்டும் அந்த வங்கியின் கடன் பத்திரம் போன்றது. “இதை வைத்திருப்பவருக்குப் பத்து ரூபாய் தர உறுதியளிக்கிறேன்” என்று ஆளுநர் கையெழுத்திட்டிருப்பது அதனால்தான்.

2. நாணயங்களை அச்சிடுவது மத்திய அரசு. 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் அதற்கு ஆதாரம். மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய நான்கு இடங்களில் நாணயச்சாலைகள் இருக்கின்றன. ஆண்டு எண்ணுக்குக் கீழே சிறு வைரக்குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா, எதுவும் இல்லை என்றால் கொல்கத்தா. (சென்னையிலும் ஒரு காலத்தில் நாணயச்சாலை இருந்தது. தங்கசாலைத் தெரு என்ற பெயரில் மட்டும் அது இன்னும் மிச்சமிருக்கிறது.)

3. அரசு அச்சிட்ட நாணயங்களை ரிசர்வ் வங்கி முகமதிப்புக்கே வாங்கிக்கொள்கிறது. பிறகு வங்கிக் கிளைகள் வழியாகப் புழக்கத்துக்கு விடுகிறது. பத்து ரூபாய் நாணயத்தைச் செய்ய அரசுக்கு ஐந்தரை ரூபாய் ஆனால் மீதி நாலரை ரூபாய் அரசின் வருமானம். இதை அச்சு ஆதாயம் என்று சொல்லலாம்.

இந்த மூன்றாவது புள்ளியில் ஓர் உள்முரண் இருக்கிறது. நாணயம் அச்சிட்ட அன்றே அரசுக்கு ஆதாயம் வந்துவிடுகிறது. அதை ஊர் ஊராகக் கொண்டுபோவது, மூட்டை மூட்டையாகத் திரும்பி வரும்போது இடம் தேடுவது, எண்ணுவது எல்லாம் வங்கிகளின் தலையில். ஆதாயம் ஓரிடம், சுமை வேறிடம்.

ஒரு ரூபாய் நோட்டு என்னும் விந்தை

இந்தப் பிரிவினையைப் புரிந்துகொள்ள ஒரு ரூபாய் நோட்டைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. அதில் ரிசர்வ் வங்கியின் பெயர் இருக்காது. ‘இந்திய அரசு’ என்றிருக்கும். கையெழுத்து நிதித்துறைச் செயலாளருடையது. “தர உறுதியளிக்கிறேன்” என்ற வாசகமும் கிடையாது. நாணயச் சட்டத்தில் ‘நாணயம்’ என்ற சொல்லுக்குத் தரப்பட்டுள்ள விளக்கத்திலேயே ஒரு ரூபாய் நோட்டும் அடங்கும். சட்டத்தின் கண்ணில் அது காகிதத்தால் ஆன நாணயம்.

இது எப்படி வந்தது? முதல் உலகப் போரின்போது வெள்ளிக்குக் கடும் தட்டுப்பாடு. அன்றைய ஒரு ரூபாய் வெள்ளி நாணயம். அதில் இருந்த உலோகம் ரூபாயின் மதிப்பை நெருங்கியபோது மக்கள் அதைப் பதுக்கவும் உருக்கவும் தொடங்கினார்கள். 1917 நவம்பர் 30 அன்று ஐந்தாம் ஜார்ஜின் படத்தோடு முதல் ஒரு ரூபாய் நோட்டு வந்தது. 1926-இல் நிறுத்தினார்கள். இரண்டாம் உலகப் போரில், 1940-இல், மறுபடி கொண்டுவந்தார்கள். உலோகத்தின் விலை ஏறினால் காகிதம், இறங்கினால் உலோகம் என்று நாடு மாறி மாறிப் போனதற்கு இது சாட்சி.

1990-களில் காற்று எதிர்த் திசையில் அடித்தது. 1994, 1995 ஆண்டுகளில் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் நோட்டுகளின் அச்சடிப்பு அடுத்தடுத்து நிறுத்தப்பட்டது. அவை ‘நாணயமாக்கப்பட்ட’ தொகைகள் என்று ரிசர்வ் வங்கி சொல்லத் தொடங்கியது. பிறகு 2015 மார்ச்சில் ஒரு ரூபாய் நோட்டு திரும்பி வந்தது. அப்போது அதன் அச்சுச் செலவே ஒரு ரூபாயைத் தாண்டியது. கடைவீதியில் அதை எவரும் செலவழிப்பதும் இல்லை. புத்தம்புதுக் கட்டாக வாங்கிப் பூஜை அறையிலும் சேகரிப்பாளர் ஆல்பத்திலும் வைக்கிறார்கள். எதற்காகத் திரும்பக் கொண்டுவந்தார்கள் என்பதற்குப் பொருளாதாரக் காரணம் தேடினால் கிடைக்காது.

செலவுக் கணக்கு: எது மலிவு?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 2018-இல் மும்பை நாணயச்சாலை தந்த விவரப்படி, நாணயங்களின் தயாரிப்புச் செலவு இது:

1. ஒரு ரூபாய் நாணயம்: 1 ரூபாய் 11 காசு
2. இரண்டு ரூபாய் நாணயம்: 1 ரூபாய் 28 காசு
3. ஐந்து ரூபாய் நாணயம்: 3 ரூபாய் 69 காசு
4. பத்து ரூபாய் நாணயம்: 5 ரூபாய் 54 காசு

பத்து ரூபாய் நோட்டு ஒன்றை அச்சிட 2021-22 நிலவரப்படி ஏறக்குறைய 96 காசு ஆனது. இரண்டு விவரங்களும் வெவ்வேறு ஆண்டுக்குரியவை என்றாலும், ஒப்பிட்டுப் பார்க்க இது போதும். ஒரு நாணயத்தின் செலவில் ஏறத்தாழ ஆறு நோட்டு அச்சிடலாம்.

அப்படியானால் நோட்டுத்தானே மலிவு? ஆயுளைச் சேர்த்தால் படம் மாறும். பத்து ரூபாய் நோட்டு ஓராண்டு தாங்கும், நாணயம் இருபது ஆண்டு தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். இவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள். இருபது ஆண்டுக்கு இருபது நோட்டு வேண்டும். செலவு 19 ரூபாய் 20 காசு. நாணயம் ஒன்று போதும். 5 ரூபாய் 54 காசு. கிழிந்த நோட்டைத் திரும்ப வாங்கி, எண்ணி, துண்டாக்கும் செலவு தனி. நாணயம் எளிதாக வெல்கிறது.

இப்போது எண்களைக் கொஞ்சம் அசைத்துப் பார்க்கலாம்.

1. நோட்டு மூன்று ஆண்டு தாங்கினால் இருபது ஆண்டுக்கு ஏழு நோட்டுக்குள் முடிந்துவிடும். செலவு 6 ரூபாய் 40 காசு. நாணயத்தின் வெற்றி ஒரு ரூபாய்க்கும் கீழே இறங்கிவிட்டது.

2. அதே நிலையில், புழக்கத்தில் ஒரு நோட்டின் வேலையைச் செய்ய ஒன்றரை நாணயம் தேவைப்படுகிறது என்றால் செலவு 8 ரூபாய் 31 காசு. நோட்டு வென்றுவிட்டது.

3. நோட்டு ஓராண்டு மட்டுமே தாங்கினாலும்கூட, ஒரு நோட்டுக்கு மூன்றரை நாணயம் அச்சிட வேண்டி வந்தால் ஆதாயம் முழுவதும் கரைந்துவிடும்.

ஒரு நோட்டுக்கு ஏன் ஒன்றரை நாணயம், மூன்றரை நாணயம்? சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

ஓடும் காசும் உறங்கும் காசும்

நோட்டு கைக்கு வந்தால் மடித்துப் பைக்குள் போகும். அடுத்த செலவுக்கு முதலில் வெளியே வருவதும் அதுதான். நாணயம் வீட்டுக்கு வந்தால் மேசை இழுப்பறை, பிள்ளைகளின் உண்டியல், பூஜை அறைத் தட்டு, காரின் முன்பக்கக் குழி என்று தேங்கிவிடும். அச்சிட்ட நாணயம் நூறு என்றால், ஒரு நாளில் உண்மையாகக் கைமாறுவது அதில் ஒரு பகுதிதான். மீதி உறங்குகிறது. உறங்கும் நாணயத்துக்கு ஈடாக அரசு புதிது அச்சிட வேண்டும்.

இது வெறும் ஊகம் இல்லை என்பதை அமெரிக்காவின் அனுபவம் காட்டுகிறது. ஒரு டாலர் நோட்டை ஒழித்து நாணயமாக்கினால் முப்பது ஆண்டில் சுமார் 550 கோடி டாலர் மிச்சமாகும் என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2011-இல் கணக்கிட்டது. அதே அமைப்பு 2019-இல் கணக்கைத் திருப்பிப் போட்டது: மிச்சம் இல்லை, நட்டம்தான், 61 கோடி முதல் 260 கோடி டாலர் வரை இழப்பு வரும். இடையில் மாறியது முக்கியமாக நோட்டின் ஆயுள். நோட்டுகளைச் சரிபார்க்கும் இயந்திரங்கள் மேம்பட்டன, நல்ல நோட்டு தவறாக அழிக்கப்படுவது குறைந்தது, நோட்டின் ஆயுள் இருமடங்குக்கும் மேல் கூடியது. உறங்கும் நாணயங்களுக்கு ஈடுகட்ட ஒரு நோட்டுக்கு ஒன்றரை நாணயம் வேண்டும் என்பதும் அந்தக் கணக்கில் சேர்ந்திருந்தது. மேலே நாம் போட்ட கணக்கின் இரண்டாம் புள்ளி அங்கே உண்மையிலேயே நடந்தது.

ஆகவே நாணயமா நோட்டா என்ற கேள்விக்கு நாணயச்சாலையின் செலவுப் பட்டியலில் விடை இல்லை. ஒரு நாணயம் ஓராண்டில் எத்தனை கை மாறுகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. “இங்கே ஓடாது” என்று கடைக்காரர் சொல்லும் சொல் பொருளாதார நூல்களின் சொல்லைவிடத் துல்லியமானது.

தமிழ்நாட்டின் பல ஊர்களில் நடப்பது இதன் உச்சம். வாங்க மறுக்கப்படும் நாணயம் முழுநேரமும் உறங்குகிறது. வாங்கியவர் வேறு வழியில்லாமல் அதைக் கோயில் உண்டியலில் போடுகிறார், உண்டியல் எண்ணிக்கை முடிந்து அது மூட்டையாக வங்கிக்குப் போகிறது, வங்கி அதை மறுபடி வெளியே தள்ளப் பார்க்கிறது, வாங்க ஆளில்லை. நோட்டு ஓராண்டு தாங்கும் என்று மேலே போட்ட கணக்கின்படி, நாணயம் ஏறக்குறைய ஆறு ஆண்டு உழைத்தால்தான் முதலுக்கு வரும். அந்த ஆறு ஆண்டில் அது ஆறு முறைகூடக் கைமாறாத ஊர்கள் உண்டு என்றால், கணக்கு எங்கே நிற்கும்?

வதந்தி எங்கிருந்து வந்தது?

பத்து ரூபாய் நாணயம் 2009-இல் புழக்கத்துக்கு வந்தது. நடுவில் ஒரு உலோகம், சுற்றிலும் வேறு உலோகம் என்று இரண்டு நிறம். ஓடத் தொடங்கிய சில ஆண்டுகளில் அதன் மேல் ஐயம் படிந்ததற்கு அடுத்தடுத்து வந்த பல காரணங்கள் உண்டு.

1. வடிவங்கள் மிகுதி. ரூபாய்க் குறியீடு 2010-இல்தான் ஏற்கப்பட்டது. அதற்கு முந்தைய நாணயங்களில் குறியீடு இல்லை, பிந்தையவற்றில் உண்டு. ஒன்றில் பத்துக் கதிர்க்கோடுகள், மற்றொன்றில் பதினைந்து. பத்துக் கோடு நல்லது, பதினைந்து போலி என்று ஊருக்கு ஊர் ஒரு ‘சோதனை முறை’ பரவியது. குறியீட்டை வடிவமைத்த டி. உதயகுமார் தமிழ்நாட்டுக்காரர், அந்தக் குறியீடு இல்லாத நாணயம் போலி என்று தமிழ்நாட்டிலேயே பேசப்பட்டது ஒரு வேடிக்கை.

2. நினைவு நாணயங்கள். அம்பேத்கரின் 125-ஆம் பிறந்த ஆண்டு, பன்னாட்டு யோகா தினம், கயிறு வாரியத்தின் அறுபது ஆண்டு என்று பலவற்றுக்கும் பத்து ரூபாய் நாணயம் வந்தது. 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விளக்கத்தின்படி அதுவரை வந்தவை பதினான்கு வடிவங்கள், அத்தனையும் செல்லும். வங்கிக்குத் தெரியும், சந்தையில் கீரை விற்பவருக்குப் பதினான்கு முகத்தையும் யார் அறிமுகம் செய்துவைத்தார்கள்?

3. 2016. அந்த ஆண்டு டெல்லியில் போலி நாணயம் செய்த பட்டறை பிடிபட்டது. நவம்பரில் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் ஒரே இரவில் செல்லாதவை ஆயின. அரசு அச்சிட்ட பணமே செல்லாமல் போகலாம் என்பதைக் கண்ணால் கண்ட மக்கள், வாட்ஸ்அப்பில் வந்த நாணய வதந்தியை நம்பியதில் வியப்பில்லை.

இதற்குப் பிறகு மறுப்பு தன்னைத்தானே வளர்த்துக்கொண்டது. கடைக்காரருக்கு நாணயம் நல்லதென்று தெரியும். ஆனாலும் மொத்த வியாபாரி வாங்க மாட்டார் என்பதால் அவர் வாங்குவதில்லை. மொத்த வியாபாரியைக் கேட்டால், வங்கியில் எண்ணிக் கட்ட நேரமாகிறது என்பார். வங்கிக் காசாளருக்கோ பெட்டகத்தில் இடமில்லை. ஒவ்வொருவரும் தன்னளவில் சரியாகவே நடந்துகொள்கிறார்கள். மாவட்ட ஆட்சியர்கள் அவ்வப்போது விடும் அறிவிப்புகள் பயனற்றுப் போவது இதனால்தான், “இது போலி இல்லை” என்று சொல்வதால் “எனக்கு அடுத்தவர் வாங்குவாரா?” என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

பத்து ரூபாய் நாணயம் சட்டப்படி செல்லும். 2022 பிப்ரவரியில் மாநிலங்களவையில் நிதித்துறை இணையமைச்சரும் இதை உறுதிசெய்தார். ஆனால் ‘சட்டப்படி செல்லும்’ என்பதற்கு நாம் நினைப்பதைவிடக் குறுகிய பொருள்தான்.

1. நாணயச் சட்டத்தின் ஆறாம் பிரிவு வரம்பு வைக்கிறது. ஒரு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நாணயங்கள் ஆயிரம் ரூபாய் வரையிலான தொகைக்கு மட்டுமே செல்லும். ஐம்பது காசு நாணயம் பத்து ரூபாய் வரை. நோட்டுக்கு இப்படி வரம்பு இல்லை. 2022-இல் சேலத்தில் ஒருவர் ஆறு லட்சம் ரூபாய் காரைப் பத்து ரூபாய் நாணயங்களாகவே கொடுத்து வாங்கியது செய்தியானது. நாணயத்தின் மேலுள்ள அவநம்பிக்கையைப் போக்கவே அப்படிச் செய்தார். சட்டப்படி விற்பனையாளர் ஆயிரம் ரூபாய்க்கு மேல் வாங்கியிருக்க வேண்டியதில்லை. மனமுவந்து வாங்கினார், அவ்வளவுதான்.

2. நாணயத்தை உருக்குவதும் அழிப்பதும் குற்றம். ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. வாங்க மறுப்பவருக்கென்று அந்தச் சட்டத்தில் தனித் தண்டனைப் பிரிவு இல்லை. “மறுத்தால் தேசத்துரோக வழக்கு” என்று பழைய தண்டனைச் சட்டத்தின் 124ஏ பிரிவைச் சுட்டி ஊடகங்களில் வந்தவை ஆதாரமற்றவை. அந்தப் பிரிவு அரசின் மீது வெறுப்பைத் தூண்டுவது பற்றியது, சில்லறையைப் பற்றியதன்று.

3. வங்கிகளின் நிலை வேறு. நாணயங்களை வாங்க மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி அவற்றுக்கு மீண்டும் மீண்டும் உத்தரவிட்டிருக்கிறது. சிறு நாணயங்களை எண்ண நேரமில்லை என்றால் எடை போட்டு வாங்கலாம், நூறு நூறாகப் பையில் கட்டி வாங்கலாம் என்று வழியும் சொல்லியிருக்கிறது.

சட்டத்துக்கும் புழக்கத்துக்கும் இடையிலுள்ள தூரத்துக்கு ஐம்பது காசு நாணயமே சான்று. இருபத்தைந்து காசும் அதற்குக் கீழுள்ளவையும் 2011 ஜூன் 30-உடன் விலக்கப்பட்டன. எட்டணா விலக்கப்படவில்லை, இன்றும் அது செல்லும். எந்தக் கடையில் என்று கேட்காதீர்கள்.

உலோகத்தின் விலை என்னும் ஆபத்து

நோட்டுக்கு இல்லாத ஓர் ஆபத்து நாணயத்துக்கு உண்டு: அது பொருளாகவும் விலைபோகும். 1971-இல் சிறு நாணயங்களைப் பதுக்குவதையும் உருக்குவதையும் தடுக்கவே தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. 2007 வாக்கில் இந்திய நாணயங்கள் எல்லை தாண்டி வங்கதேசத்துக்குப் போய்ச் சவரப் பிளேடுகளாக மாறுவதாகச் செய்திகள் வந்தன. ஒரு நாணயத்தை உருக்கினால் பல பிளேடு. லாபம் பல மடங்கு. பழைய ஐந்து ரூபாய் நாணயம், செம்பும் நிக்கலும் கலந்த ஒன்பது கிராம் கனம், சந்தையிலிருந்து மெல்லக் காணாமல் போனதன் பின்னணியில் உலோக விலையும் இருந்தது. எடை குறைந்த எஃகு நாணயங்கள் பிறகு வந்தன. இன்று நம் நாணயங்கள் சிறுத்து, இலேசாகி, ஒன்றுபோல ஒன்று தெரிவதற்கு இதுவே தொடக்கம்.

விரலுக்குத் தெரியாத வேறுபாடு

ரிசர்வ் வங்கியின் 2022 ஆய்வில் மக்கள் சொன்ன குறைகள் எடையும் அளவும். எடையைக் கணக்கிடலாம். 2019 வரிசையின் பத்து ரூபாய் நாணயம் ஏறக்குறைய 7.7 கிராம். நூறு ரூபாய்க்குப் பத்து நாணயம் என்றால் 77 கிராம், சட்டைப்பை தொங்கும். ஆயிரம் ரூபாய்க்கு முக்கால் கிலோவுக்கு மேல். சுருக்குப்பையும் இடுப்பு முடிச்சும் காசுக்காகவே உருவான ஏற்பாடுகள். அவை அணாக் கணக்கில் செலவழித்த காலத்துக்குரியவை. பத்து ரூபாய் அன்று ஒரு மாதக் கூலியாகக்கூட இருந்திருக்கும். இன்று ஒரு தேநீருக்கே போதவில்லை.

அளவுதான் பெரிய தவறு. பழைய ஒரு ரூபாய் எஃகு நாணயம் 25 மில்லிமீட்டர் வட்டம். 2011 வரிசையில் வந்த இரண்டு ரூபாய் நாணயமும் 25 மில்லிமீட்டர் எஃகு வட்டம். அதே வரிசையின் ஐந்து ரூபாய் நாணயம் இரண்டு ரூபாயைவிடச் சிறியது, 23 மில்லிமீட்டர். தொகை ஏற ஏற அளவும் ஏற வேண்டும் என்ற எளிய விதியையே மீறியிருந்தார்கள். முன்பு இரண்டு ரூபாய்க்குப் பதினொரு பக்கம் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அதையும் வட்டமாக்கினார்கள். 2019 மார்ச்சில் அறிமுகமான வரிசை, பார்வையற்றவர்களை மனத்தில் வைத்து, அளவை வரிசைப்படி ஏற்றியது. இருபது ரூபாய் நாணயத்துக்குப் பன்னிரண்டு பக்கம் கொடுத்தது. நல்ல திருத்தம். ஆனால் பழைய நாணயங்கள் விலக்கப்படவில்லை. மூன்று தலைமுறை வடிவங்கள் ஒரே பையில் கிடந்து கலக்கின்றன.

வென்ற நாடுகள் செய்தது என்ன?

கனடா 1987-இல் ஒரு டாலர் நாணயத்தை வெளியிட்டது. இரண்டே ஆண்டில், 1989-இல், ஒரு டாலர் நோட்டை வெளியிடுவதை நிறுத்தியது. முணுமுணுப்பு இருந்தது, அடங்கிவிட்டது. 1996-இல் இரண்டு டாலருக்கும் அதையே செய்தார்கள். இன்று அங்கே நாணயத்துக்குச் செல்லப்பெயரே இருக்கிறது: அதில் பொறித்த ‘லூன்’ என்ற நீர்ப்பறவையின் பெயரால் ‘லூனி’.

பிரிட்டனில் ஒரு பவுண்டு நாணயம் 1983-இல் வந்தது. நோட்டு 1988-இல் விலக்கப்பட்டது. வட்ட நாணயத்தில் முப்பதில் ஒன்று போலி என்ற நிலை வந்ததும், 2017-இல் பன்னிரண்டு பக்கமுள்ள இருநிற நாணயத்தைக் கொண்டுவந்து, பழைய வட்டத்தைச் சில மாதங்களில் விலக்கியும்விட்டார்கள்.

அமெரிக்கா நேர் எதிர். 1979-இல் வந்த ஒரு டாலர் நாணயம் கால் டாலர் நாணயத்தின் அளவை ஒத்திருந்ததால் குழம்பியது. 2000-இல் ஒன்று, 2007 முதல் அதிபர்களின் முகத்தோடு ஒரு வரிசை. நோட்டை மட்டும் நிறுத்தவில்லை. விளைவு, 140 கோடி நாணயங்கள் வாங்க ஆளில்லாமல் மத்திய வங்கியின் கிடங்குகளில் குவிந்தன. 2011 டிசம்பரில் புழக்கத்துக்கான அச்சடிப்பு நிறுத்தப்பட்டது.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் விதி தெளிவாகவே இருக்கிறது. ஒரே தொகைக்கு நோட்டும் நாணயமும் அருகருகே இருந்தால் நோட்டு ஓடும், நாணயம் தேங்கும். நாணயம் ஓட வேண்டும் என்றால் நோட்டு போக வேண்டும். இந்தியாவும் ஒரு, இரண்டு, ஐந்து ரூபாய்க்கு அதைத்தான் செய்தது. அந்த நாணயங்களுக்குப் பத்து ரூபாய் நாணயத்தின் அளவுக்கு மறுப்பு இல்லை. அவற்றுக்கு மாற்று இல்லாததால் அவற்றைப் பற்றி வதந்தி கிளம்பினாலும் நிற்காது. பத்திலும் இருபதிலும்தான் இரண்டும் ஒன்றாக ஓட விடப்பட்டிருக்கின்றன.

அப்படியானால் பத்து ரூபாய் நோட்டை நிறுத்தலாமா?

செய்யலாம் என்று சொல்வது எளிது. தடைகள் மூன்று.

1. எண்ணிக்கை. புழக்கத்திலுள்ள நோட்டுகளில் ஐந்நூறு ரூபாய்க்கு அடுத்தபடியாக எண்ணிக்கையில் அதிகம் இருப்பது பத்து ரூபாய் நோட்டுதான். அவ்வளவுக்கும் நாணயம் அச்சிட நான்கு நாணயச்சாலைகளுக்குப் பல ஆண்டுகள் தேவைப்படும். போகும் வழியில் சில்லறைத் தட்டுப்பாடு வந்தால், மிச்சக் காசுக்கு மிட்டாய் கொடுக்கும் பழக்கம் ஐந்து ரூபாய் சாக்லேட்டாக வளரும்.

2. அவநம்பிக்கை. மறுக்கும் ஊர்களில் நோட்டைத் திடீரென்று நிறுத்தினால் 2016-இன் நினைவுதான் முதலில் எழும்.

3. யுபிஐ. ஒரு தேநீருக்கும் கைப்பேசியில் பணம் அனுப்பும் பழக்கம் வந்தபின், சில்லறையின் தேவையே மாறிக்கொண்டிருக்கிறது. குறையக்கூடிய ஒன்றுக்காக இருபது ஆண்டு உழைக்கும் உலோகத்தில் முதலிடுவது சரியா என்ற தயக்கம் நியாயமானது.

இன்னொரு வழி, நோட்டின் ஆயுளை நீட்டுவது. பத்து ரூபாய் பிளாஸ்டிக் நோட்டுகள் நூறு கோடியைக் கொச்சி, மைசூர், ஜெய்ப்பூர், சிம்லா, புவனேஸ்வர் ஆகிய ஐந்து நகரங்களில் சோதனைக்கு விடப்போவதாக 2014-இல் அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. தட்பவெப்பம் வேறுபட்ட ஊர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நம் கைகளில் இன்னும் பருத்தி நோட்டுதான் இருக்கிறது.

நோட்டை நிறுத்தாமலே நாணயத்தை ஓட வைக்க வேண்டும் என்றால், வாங்குபவரின் பயத்தைக் குறைத்தாக வேண்டும். அதற்குச் செய்தித்தாள் விளம்பரத்தைவிடப் பெரிய கருவி அரசின் சொந்தக் கல்லாக்கள்: அரசுப் பேருந்து, ரேஷன் கடை, ரயில் நிலையக் கவுண்டர். அங்கெல்லாம் தயங்காமல் வாங்கி, தயங்காமல் மிச்சமும் கொடுத்தால், “அடுத்தவர் வாங்குவாரா?” என்ற கேள்விக்கு ஒவ்வோர் ஊரிலும் கண்முன் ஒரு பதில் இருக்கும். நடத்துநர்களுக்கு வாங்கும்படி உத்தரவு உண்டு. ஆனால் பணிமனையில் கணக்குக் கட்டும்போது நாணய மூட்டையோடு நிற்பவர் அவர்தான் என்பதால், உத்தரவு பேருந்தின் படிக்கட்டோடு நின்றுவிடுகிறது.

வங்கிகளின் சுமைக்கும் ரிசர்வ் வங்கி ஒரு விலை வைத்திருக்கிறது. நாணய மூட்டை ஒன்றை மக்களிடம் சேர்த்தால் வங்கிக்குத் தந்த 25 ரூபாய் ஊக்கத்தொகையை 2021 செப்டம்பரில் 65 ரூபாயாக உயர்த்தியது. கிராமப்புறக் கிளைகளுக்கு இன்னும் பத்து ரூபாய் கூடுதல். 2023-இல், கைப்பேசியால் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் கணக்கில் பணம் கழிந்து நாணயம் கொட்டும் இயந்திரங்களைப் பன்னிரண்டு நகரங்களில் சோதனையாக வைப்பதாக அறிவித்தது. இரண்டு ஏற்பாடுகளுமே வங்கியிலிருந்து நாணயத்தை வெளியே அனுப்புவதற்கானவை. நாள் முடிவில் கல்லாவில் நாற்பது பத்து ரூபாய் நாணயங்களோடு உட்கார்ந்திருக்கும் சிற்றூர்க் கடைக்காரர், அவற்றைப் போட்டால் தன் கணக்கில் நானூறு ரூபாய் ஏறும்படியான இயந்திரம் ஒன்று பேருந்து நிலையத்தில் இருந்தால், மறுநாள் காலை வரும் நாணயத்தைத் திருப்பிக் கொடுக்க அவருக்குக் காரணம் இருக்காது.